ஈசானியம் இறங்கிய வீடு

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கோலிகுண்டைக் கொடுப்பார். பச்சைக் கண்ணாடிக் குண்டு, உள்ளே ஒரு வெள்ளைக் கீற்று. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவராக இருந்தாலும் சரி, கேஸ் சிலிண்டர் போட வந்தவராக இருந்தாலும் சரி, எல்லாருக்கும் இதே மரியாதைதான்.

"படியாண்ட வெச்சு உடுங்க. எங்க போவுதுன்னு பாருங்க" என்பார்.

வாசல் காங்கிரீட்டின் மேல் வைத்த குண்டு முதலில் அங்கேயே நிற்கும். பிறகு மனம் மாறியதுபோல் மெல்ல நகரும். போகப் போக வேகம் எடுத்து, துளசி மாடத்தை உரசிக்கொண்டு ஓடி, வடகிழக்கு மூலையில் காம்பவுண்டுச் சுவரில் முட்டி நிற்கும்.

"ஈசானியம்! யாரும் தள்ளல. தானாப் போச்சு" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். வந்தவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பாராட்டிய பிறகுதான் உள்ளேயிருந்து தண்ணீர்ச் செம்பு வரும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது ஒருவர் போய் அவர் வீட்டில் படித்துக் காட்டிவிடுவார்கள். திருப்பதியில் எங்கள் காலனி முழுக்க அவரை 'டிப்போ அண்ணா' என்றே சொல்லும். பஸ் டிப்போவில் கண்ட்ரோலராக இருந்து ஓய்வுபெற்றவர். புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். நான் நகரிப் பக்கம். இருவரும் தெலுங்கில் படித்து, தெலுங்கில் வேலை பார்த்து, சண்டையும் சிரிப்பும் மட்டும் தமிழில் வைத்துக்கொண்டவர்கள். எனக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தது என் தகப்பனார். கல்லூரியில் நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். அதை இங்கே சொல்வது பெருமைக்காக அல்ல. குற்றத்தின் கனம் கூடட்டும் என்பதற்காக.

அண்ணாவின் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சின்னத் திசைகாட்டி இருக்கும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் அதை எடுத்துப் பார்ப்பார். "கட்டில் தலைமாடு வடக்க இருந்திருக்குது. அப்புறம் மனுசன் எப்படித் தாங்குவான்?" என்று செத்தவர் மகனிடமே கேட்டிருக்கிறார். டிப்போவில் டீசல் பீப்பாயை அக்கினி மூலைக்கு நகர்த்திய பிறகுதான் பஸ்கள் நடுவழியில் நிற்பது குறைந்தது என்று சொல்வார். அதே மாதத்தில் புதிய பஸ்கள் வந்ததை நான் ஞாபகப்படுத்தினால், "புது பஸ்ஸு ஏன் வந்துச்சு? அதைச் சொல்லுங்க" என்று மடக்குவார்.

அவருடைய வாஸ்துவின் சாரம் ஒன்றே ஒன்றுதான். ஈசானியம், அதாவது வடகிழக்கு மூலை, வீட்டிலேயே தாழ்ந்து இருக்க வேண்டும். தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓட வேண்டும். அது எவ்வளவு தாழ்கிறதோ, அவ்வளவு அந்த வீட்டு மனிதர்கள் உயர்வார்கள். வீடு கட்டும்போதே சாஸ்திரப்படி அந்த மூலையைக் கொஞ்சம் இறக்கித்தான் கட்டினார். அது அதோடு நிற்கவில்லை. தானாகவே மேலும் இறங்க ஆரம்பித்தது.

முதலில் சுவருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தது. நுழைத்துக் காட்டியவர் அவர்தான். அந்த மாதமே மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. பிறகு சுண்டுவிரல் நுழைந்தபோது அவளுக்கு வரன் அமைந்தது. பெரிய கேட் சாய்ந்து திறக்க முடியாமல் சிக்கிக்கொண்ட அன்று பேரன் பிறந்த செய்தி வந்தது. "லச்சுமி உள்ள வந்துட்டா, கேட்டு மூடிக்கிச்சு. இனிமே அவ வெளிய போவ வழியில்ல" என்று காலனிக்கே இனிப்பு கொடுத்தார். வழியில்லாமல் போனது லட்சுமிக்கு மட்டுமல்ல. அவருடைய ஸ்கூட்டர் அதன்பின் தெருவிலேயே நின்றது.

அவர் மனைவியை நான் வதினம்மா என்று கூப்பிடுவேன். அண்ணிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் சொல். சித்தூரில் தெலுங்குப் பள்ளியில் படித்தவர். துளசி மாடம் அந்த மூலையில்தான் இருந்தது. தினமும் காலையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு அதைச் சுற்றி வருவார். தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததால் வலது காலை ஊன்றி, இடது காலைத் தேடி வைத்து, படகில் நடப்பவரைப் போல நடப்பார்.

"ஏமண்டி, மேஸ்திரியக் கூப்பிடுங்க. இந்தக் காங்கிரீட்டை ஒடச்சு ஒழுங்கா போடச் சொல்லுங்க."

"ஒடைக்கிறதா? ஈசானியத்தையா?"

"கோலி உருண்டா சந்தோசப்படுறீங்க. பொண்டாட்டி உருண்டா கூட கை தட்டுவீங்க போல."

அந்தச் சொல் கொஞ்சம் குத்தியிருக்க வேண்டும். மேஸ்திரி வரவழைக்கப்பட்டார். எங்கள் இரண்டு வீடுகளையும் கட்டியவர் அவரேதான். தான் கட்டியதில் எது கெட்டுப்போனாலும் அதற்கு வெளியே ஒரு குற்றவாளியைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். மூலையைச் சுற்றி நடந்தார். குனிந்து முகர்ந்தார்.

"பெருச்சாளி" என்றார்.

"இருக்கட்டும். விநாயகர் வாகனம்" என்றார் அண்ணா.

"முருங்க வேர் கூட இருக்கலாம் சார்."

"முருங்கை தெக்கால கீது. இது வடக்கு."

"அப்போ மண்ணு சரியில்ல. ஏரி மண்ணு."

"மண்ணைக் கொட்டினவன் யாரு?"

மேஸ்திரி கடப்பாரையின் தலையால் தரையைத் தட்டினார். படிப்பக்கம் தட்டியபோது 'ணங்' என்றது. மூலையில் தட்டியபோது 'டம்' என்றது. கோயில் தவிலை மெல்லத் தட்டினால் வருகிற சத்தம். நாங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"லோபல ஏமீ லேது. உள்ள ஒண்ணுமே இல்ல" என்றார் வதினம்மா மெதுவாக.

அதே வாரம் மருமகப்பிள்ளை பெங்களூரிலிருந்து போனில் யோசனை சொன்னார். உடைக்கவே வேண்டாம், காங்கிரீட்டில் சின்னத் துளைகள் போட்டு, சிமெண்டுக் கரைசலை அடியில் அழுத்தி ஏற்றினால் காங்கிரீட்டுப் பலகை அப்படியே பழைய மட்டத்துக்கு எழும்பிவிடும் என்றார். அண்ணா போனைக் காதிலிருந்து எடுத்து, அது யாருடையது என்பதுபோலப் பார்த்தார். "ஈசானியத்தை ஏத்துறதா? என் பொண்ணு வாழற வீட்டு மனுசன் பேசுற பேச்சா இது?" என்று வைத்துவிட்டார்.

இதையெல்லாம் நான் மறுநாள் கல்லூரி ஆசிரியர் அறையில் நடித்துக் காட்டினேன். அப்போது நான் இன்னும் வேலையில் இருந்தேன். கோலிகுண்டு யோசிப்பதையும், அண்ணா கையை விரிப்பதையும், மேஸ்திரி முகர்ந்ததையும் செய்து காட்டினால் கணக்குத் துறைக்காரர்களே சிரிப்பார்கள். "டிப்போ அண்ணா சேதி என்ன?" என்று தினமும் கேட்பார்கள். அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு வந்து அவரை விற்றேன். வேறு எப்படிச் சொல்வது?

எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. அவருடைய வடகிழக்கு மூலையும் என்னுடைய வடமேற்கு மூலையும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். என் வடமேற்கில்தான் எங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழி இருக்கிறது. எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் ஓடுகிற நாட்களில் அவர் மூலையில் ஈரம் தெரிவதை நான் கவனித்திருந்தேன். தெருக் கால்வாயில் எங்கள் இரண்டு வீட்டுக்கு நேராக மட்டும் எப்போதும் செம்மண் படிந்து கிடப்பதையும் கவனித்திருந்தேன். மண் எங்கிருந்தோ கரைந்து வருகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இருந்தாலும் பரிசோதிக்காமல் முடிவுக்கு வரக் கூடாதல்லவா? உண்மையைச் சொன்னால், நான் பரிசோதித்தது என் குழாய் இல்லை என்று நிரூபிக்கத்தான்.

துணிக்குப் போடும் நீலத்தை ஒரு பாட்டில் வாங்கி, மெஷின் தண்ணீர் போகும் குழாயில் முழுவதையும் ஊற்றினேன். சாயங்காலம் வரை சுவர் ஓரம் எட்டி எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் அண்ணாவின் குரல் கேட்டு விழித்தேன். மாடியிலிருந்து பார்த்தால், அவர் ஈர வேட்டியோடு மூலையில் சாஷ்டாங்கமாக விழுந்து கிடக்கிறார். காங்கிரீட்டும் சுவரும் சேரும் விரிசலில் நீல நிறத்தில் தண்ணீர் ஊறி, தாழ்ந்த மூலையில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தேங்கி நிற்கிறது. வெயில் பட்டு அது மின்னியது. நானே அதை ஒரு கணம் அழகு என்று நினைத்தேன்.

"நீலவண்ணா! தேடிக்கினு வந்துட்டியா?" என்று அவர் அழுதுகொண்டிருந்தார்.

திருமலை அடிவாரத்தில் வசிப்பவர்களுக்கு அந்த நிறம் யாருடையது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஏழு மணிக்குள் காலனியில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். கற்பூரம் வந்தது. சாமந்திப்பூ வந்தது. வதினம்மா பித்தளைச் செம்பில் அந்தத் தண்ணீரை எடுத்து எல்லார் தலையிலும் தெளித்தார். முதல் நாள் எங்கள் வீட்டில் துவைத்தது தலையணை உறைகளும் என் பனியன்களும் என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் குறையட்டும் என்று நின்றேன். கூட்டம் குறைந்தபோது அண்ணா உத்தரணியில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"சயின்ஸ்காரருன்னு ஒதுங்கி நிக்காதீங்க சார். தலையக் குனிங்க."

குனிந்தேன். தெளித்தார். சோப்பு வாசனை வந்தது.

வீட்டுக்குள் வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் நெடுநேரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு, "இனிமே சோப்பாவது நல்லதா வாங்கியாங்க. ஜனங்க தலைல தெளிச்சிக்கிறாங்க" என்றாள்.

ஆசிரியர் அறையில் இதைச் சொல்லவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. இந்தக் கதையில் சிரிக்க வேண்டிய ஆள் யார் என்பது இடம் மாறிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகு காலை நேரங்கள் எனக்கு நரகமாயின. வதினம்மா முன்பு மாடத்தை மூன்று சுற்று சுற்றுவார். இப்போது ஊற்று வந்துவிட்டதால் கணக்கில்லாமல் சுற்றினார். எனக்குக் காங்கிரீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். எதுவும் இல்லை என்று தெரியும். மாடியில் நின்று, அவர் கால் ஒவ்வொரு தடவையும் அந்த மூலையைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் நிமிர்ந்து பார்த்தால், "சூரிய நமஸ்காரம் வதினம்மா" என்பேன்.

சொல்லாமலே காப்பாற்ற முடியுமா என்று பார்த்தேன். துளசிக்கு அந்த இடத்தில் வெயில் போதாது என்றேன். "செடியைக் கேளுங்க, என்னைக் கேக்காதீங்க" என்று செழித்த செடியைக் காட்டினார். ஊற்று இருக்கும் இடத்தில் கால் படலாமா என்று அண்ணாவிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, வதினம்மாவின் கொலுசைக் கழற்றச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது.

கடைசியில் ஒரு நாள் அவர்கள் இருவரும் பங்காருபாளையத்தில் ஒரு மாம்பழ மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்து, பிளம்பரைக் கூட்டிவந்து தோண்டிப் பார்த்தேன். சுவருக்கு அடியில் குழாய் மூட்டு விட்டுப்போய், குழிக்குப் போக வேண்டிய தண்ணீரெல்லாம் அவர் பக்கம் போய்க்கொண்டிருந்தது. குழாயை வெட்டித் தெருக் கால்வாய்க்குத் திருப்பிவிட்டேன். இனி மண் கரையாது, யாருக்கும் எதுவும் தெரியவும் தெரியாது என்று கையைக் கழுவிக்கொண்டேன்.

இரண்டு நாளில் ஊற்று வற்றியது.

அண்ணா அந்த வறண்ட மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வருகிறவர்களுக்குக் கோலிகுண்டைக் கொடுக்கவில்லை. திசைகாட்டி சட்டைப்பையில் இல்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான்தான் சார் காரணம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வாயிலிருந்து வர வேண்டிய வாக்கியம் அது.

"நீங்க இன்னா பண்ணீங்க அண்ணா?"

"சனிக்கெழம. பங்காருபாளையம் கல்யாணத்துல பிரியாணி துன்னுட்டேன். எல்லாம் துன்றாங்களேன்னு துன்னுட்டேன். சனிக்கெழம அவரு நாளு. வீடு தேடி வந்தவரு எழுந்து போயிட்டாரு."

முழங்கால் இரண்டும் தேய்ந்தவர் அவர். மாடிப்படி ஏறவே கைப்பிடி வேண்டும். அப்படிப்பட்டவர் அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்தே ஏறுவதாக வேண்டிக்கொண்டுவிட்டார். ஊற்று திரும்பி வரும்வரை மூலையை யாரும் தொடக் கூடாது, வதினம்மா சுற்றுவதை மட்டும் நிறுத்தவே கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

வதினம்மா சுவருக்கு அந்தப் பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டார். "தம்பி, மனுசன் சொன்னா கேக்க மாட்டாரு. கால் ரெண்டும் போயிடும். நீங்க படிச்சவங்க. கூடப் போயி பாதியிலயாவது திருப்பிக் கூட்டிக்கினு வாங்க." அவர் பேசிக்கொண்டே நின்ற இடம் அந்த மூலை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் காலுக்கு அடியில் இருந்த விரிசலைப் பார்த்துக்கொண்டே சரி என்றேன்.

அலிபிரியில் நடைபாதை தொடங்கும் இடத்தில் விடியற்காலையிலேயே கூட்டம். ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து ஏறுகிற பெண்கள். அண்ணா செருப்பை விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வலது முழங்காலைக் கையால் பிடித்துத் தூக்கி வைத்தார்.

"அண்ணா, அந்தத் தண்ணி எங்க வீட்டுத் தண்ணி" என்றேன்.

"இன்னாது?"

"வாஷிங் மெஷின் தண்ணி. பைப்பு விட்டுப்போயி உங்க காங்கிரீட்டுக்கு அடியில வந்துக்கினு இருந்தது. மண்ணைக் கரைச்சதும் அதான். நீலம் நான் ஊத்தினது. எங்க போவுதுன்னு பாக்க ஊத்தினேன்."

அவர் தூக்கிவைத்த காலை இறக்கினார். அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். எங்களைக் கடந்து 'கோவிந்தா' போட்டுக்கொண்டு ஒரு குடும்பம் ஏறியது.

"ஊத்து ஏன் நின்னுச்சு?"

"பைப்பை மாத்திட்டேன்."

"அப்ப பங்காருபாளையம் பிரியாணி?"

"அதுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல அண்ணா."

அவர் முகம் முதன்முதலாகத் தெளிந்தது. "துன்னது தப்பில்லையா?" என்றார். பிறகுதான் மற்றது உறைத்தது போலிருக்கிறது. கண்ணை இடுக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்து, பல நாட்களாக நான் தயார் செய்து வைத்திருந்த வாதத்தை எடுத்து நீட்டினேன்.

"நான் வீடு கட்டும்போது கழிவுநீர்க் குழி வாயு மூலையிலதான் வெட்டணும்னு சுண்ணாம்பால கோடு போட்டுக் காட்டினது நீங்கதானே அண்ணா? என் வாயு மூலை உங்க ஈசானியத்தை ஒட்டித்தானே இருக்குது?"

"சாஸ்திரம் குழி வெட்டத்தான் சொல்லிச்சு சார். பைப்பை ஒடச்சி வெச்சிக்கச் சொல்லிச்சா?"

வாதத்தை அதோடு விட்டுவிட்டு மீதியையும் சொன்னேன். கல்லூரியில் அவரை வைத்துச் சிரித்ததைச் சொன்னேன். கோலிகுண்டு நடித்ததைச் சொன்னேன். மூலை உள்ளே வெறுமையாக இருக்கிறது, வதினம்மா எந்த நாளும் உள்ளே போகலாம், அது தெரிந்தும் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். சொல்லி முடித்தேன். நானும் அந்தப் படியில் உட்கார்ந்தேன்.

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அன்னிக்கு உங்க தலையில தெளிச்சேனே. அப்போ உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சும் குனிஞ்சீங்க?"

"நீங்க குடுத்தீங்க அண்ணா."

அது முழு உண்மையல்ல. பாதி பயத்தில்தான் குனிந்தேன். ஆனால் அவர் அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "சோப்பு வாசனை எனக்கும் வந்துச்சு சார். தேவலோகத்து வாசனைன்னு நெனச்சேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மஞ்சள் வைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி எங்களைச் சுற்றிக்கொண்டு அடுத்த படிக்குப் போனாள்.

சிரிப்பு நின்றதும் எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

"வேண்டுதல் ஊத்துக்கு வேண்டிக்கிட்டது. ஊத்து உங்க மிஷினுதுன்னா வேண்டுதலும் உங்களுதுதான். நீங்க ஏறுங்க சார். நான் பஸ்ல வந்து மேல நிக்கிறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்துவிட்டார்.

நான் கடவுளை அதிகம் தொந்தரவு செய்யாதவன். அந்தப் படிகளில் நான் என்ன நினைத்துக்கொண்டு ஏறினேன் என்று கேட்டால், முழங்காலைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன். மூச்சு வாங்கி, உட்கார்ந்து, எழுந்து, மற்றவர்கள் 'கோவிந்தா' சொல்லும்போது நானும் சொன்னால் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, உச்சிப் பொழுதுக்கு மேல் மேலே போய்ச் சேர்ந்தேன். அண்ணா ஒரு மரத்தடியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னலோரம் சீட்டு கெடச்சுது சார்" என்றார். எனக்கும் ஒரு மோர் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்து, குரலைத் தாழ்த்தினார்.

"மூலைய ஒடச்சிடலாம். ஆனா உங்க வதினகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது. அந்தத் தண்ணிய ஒரு செம்புல புடிச்சி, வாய்க்கு மெழுகு வெச்சு பூஜை அறையில வெச்சிருக்கா. சித்தூர்ல அவ தங்கச்சி வீட்டுக்கெல்லாம் குடுத்து உட்டிருக்கா. அவ தாங்க மாட்டா."

வீடு திரும்பியதும் கை கால் கூடக் கழுவாமல் வதினம்மாவிடம் அறிவித்தார். "ஏறும்போது பெருமாள் உத்தரவு குடுத்துட்டாரு. மூலைய ஒடச்சு நல்லா கட்டச் சொல்லிட்டாரு."

வதினம்மா அவரை நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார். "தம்பி, மீரு கூட வின்னாரா? நீங்களும் கேட்டீங்களா?"

அண்ணா திசைகாட்டியை எடுத்துப் பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டேன் வதினம்மா" என்றேன்.

மேஸ்திரி உடைத்தபோது நாங்கள் எல்லாரும் இருந்தோம். கடப்பாரை இரண்டாவது அடிக்கே கையை விட்டு உள்ளே போய்விட்டது. பலகையைப் பெயர்த்தால் கீழே ஒரு கன்றுக்குட்டி படுத்துக்கொள்ளும் அளவுக்குக் குகை. துளசி மாடம் சுவரில் ஒட்டிய ஒரு கையகல விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. வதினம்மா எட்டிப் பார்த்துவிட்டு, படியில் போய் உட்கார்ந்துகொண்டார். "தெனமும் இது மேலயா சுத்திக்கினு இருந்தேன்?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். மேஸ்திரி, "நான் அப்பவே சொன்னேன், தண்ணின்னு" என்றார். பெருச்சாளியைப் பற்றி யாரும் நினைவூட்டவில்லை.

ஊறிய சேற்றையெல்லாம் வாரிக் கொட்டினோம். கிராவல் மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் விட்டு, திம்மிசுக் கட்டையால் இடிக்க வைத்தோம். முதல் தடவை செய்யாமல் விட்டது இந்த ஒன்றைத்தான். மொட்டைமாடித் தண்ணீர் விழும் குழாயையும் தெருவரை நீட்டினோம். என் பக்கத்தில் பழைய குழியை மூடினேன். புதிய காங்கிரீட்டை ஈசானியம் பக்கம் கொஞ்சமாகத் தாழ்த்திப் போடச் சொன்னது நான். சாஸ்திரத்துக்காக அல்ல. மழைத் தண்ணீர் தேங்காமல் தெருவுக்கு ஓடுவதற்காக. அண்ணா என்னைப் பார்த்து ஒரு புன்னகை செய்தார். நான் விளக்கம் சொல்லவில்லை.

காங்கிரீட் போட்டு மட்டப்பலகை இழுத்த கையோடு அவரால் பொறுக்க முடியவில்லை. "குண்டைப் போடாதீங்க சார்!" என்று மேஸ்திரி கத்துவதற்குள் விட்டுவிட்டார். குண்டு ஒரு முழம் உருண்டு, ஈரத்தில் பாதி புதைந்து நின்றது. மேஸ்திரி கரண்டியோடு குனிந்தார். அண்ணா தடுத்துவிட்டார். "இருக்கட்டும். போற தெசை சரியா கீது."

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் உடனே கிடைத்தது.

அண்ணா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. தூக்கத்தில் போனார், தெற்கே தலை வைத்து. மேஸ்திரி கூட அதைக் கவனித்துச் சொன்னார். வதினம்மா மகளோடு பெங்களூருக்குப் போகவில்லை. இன்றும் காலையில் மாடத்தைச் சுற்றுகிறார். இப்போது நேராக நடக்கிறார். என் முழங்கால்கள் அண்ணாவின் முழங்கால்களைப் போலாகிவிட்டன. அவர்கள் வீட்டுப் படியை நானும் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுகிறேன்.

ஒவ்வொரு வருடமும் புரட்டாசி முதல் சனிக்கிழமை வதினம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்புகிறார். பூஜை அறையிலிருந்து அந்தச் செம்பை எடுத்துவந்து மெழுகைப் பிரிக்கிறார். நீலம் வெளுத்து, இப்போது பச்சையாகத் தெரிகிறது. ஒரே ஒரு சொட்டுத்தான் எடுக்கிறார். தீர்ந்துவிடக் கூடாதாம். பெருமாள் பேசியதைக் காதால் கேட்ட மனிதர் காலனியிலேயே நான் ஒருவன்தானாம்.

எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன். அண்ணாவுக்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லி மூடிக்கொள்கிறேன். வாக்கா, பழைய பயமா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. வதினம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமையும் கூப்பிட்டார். "தலையக் குனிங்க தம்பி" என்றார்.

குனிந்தேன்.